கேப்டனின் வால் தாளம்

மார்ச் 3, செவ்வாய்
என் சாம்பல் கிளி கேப்டன் இன்று ஆட ஆரம்பித்துவிட்டான்! ரேடியோவில் பாட்டு வந்தது. அவன் வால் மேலும் கீழும், தாளம் தப்பாமல். டகோராடியில் இப்படி ஒரு கிளி கிடையாது. கானா முழுக்கவே கிடையாது. பரிசாக ஒரு கை வேர்க்கடலையும் எண்ணெய் வடியும் செம்பனைப் பழம் நாலும்.

மார்ச் 5
சனிக்கிழமை விட்டு மறு சனி அக்கா மகன் க்வாமெனாவின் கல்யாணம். கேப்டன் ஆடுவான் என்று ஐந்நூறு பேரிடம் சொல்லிவிட்டேன். சரி, முப்பது பேர்.

மார்ச் 8
அராபா வந்தாள், ரேடியோவை அணைத்தாள். கட்டிய மனைவிக்கே என் புகழ் பொறுக்கவில்லை.
"யோவ் எக்கோ, பாட்டு நின்னுபோச்சு. உன் ஆட்டக்காரன் ஏன் நிறுத்தல?"
வால் ஆடிக்கொண்டே இருந்தது.
"மனசுக்குள்ள பாடுறான்" என்றேன்.
"மூச்சு வாங்குறான்யா, அதான் வால் ஆடுது. மாடி ஏறிட்டு நீ நிப்பியே, அந்த மாதிரி. கண்ணச் சுத்திப் பாரு."
பார்த்தேன். வெள்ளைத் தோல் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. வெளிச்சம் அப்படி, என்றேன்.

மார்ச் 9
கம்பிலேருந்து விழுந்துட்டான். என் கண்ணு முன்னாலயே. கேப்டா, ஏண்டா —

மார்ச் 10
கால்நடை டாக்டரம்மா அவனைத் துண்டில் சுற்றி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். எக்ஸ்ரே படமும் எடுத்தார். எவ்வளவு பொறுமை! எத்தனை மென்மையான விரல்கள்!
"இதயம் வீங்கியிருக்கு அண்ணே. என்ன தீனி?"
பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். மீதியைப் பக்கத்தில் நின்ற அராபா சொல்லி முடித்தாள்.
"காட்டுல நாள் பூரா பறக்கும், செரிச்சுடும். கூண்டுல உக்காந்தே தின்னா கொழுப்புதான் படியும். இனி கீரை, காய். மருந்து தினமும்." பிறகு கேட்டார்: "மூச்சு வாங்குறத யாரு கண்டுபிடிச்சது?"
'நான்தான்' உதடு வரை வந்தது. விழுங்கினேன்.
"இவதான்."
"நல்ல கண்ணும்மா உங்களுக்கு" என்றார். என் அராபாவுக்கு டாக்டர் பட்டமே கொடுத்த மாதிரி எனக்கு இருந்தது.

மார்ச் 14
கல்யாணம். "ஆட்டக்காரன் எங்க மாமா?" என்று ஆயிரம் பேர் கேட்டார்கள். நானே ஆடினேன். மூன்று பாட்டு.
"உக்காருய்யா. உனக்கு வால் இருந்தா இப்ப அதுவும் ஆடும்" என்றாள் அராபா.

ஏப்ரல் 2
ரேடியோ போட்டேன். நல்ல பாட்டு. கேப்டன் கீரையைக் கொறித்தபடி கேட்டான். வால் அசையவே இல்லை.
அராபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டு முடியும்வரை இருவரும் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.