சந்தனம் மணத்த துரு

இன்று காலை விட்பியில், மகன் வீட்டு வாசலில் நின்று அவனுடைய புதுக் காருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பெற்றோல் தேவையில்லாத கார். சுவரிலிருந்து வயர் இழுத்து, செல்போனுக்கு ஏற்றுவது போல அதற்கும் கரண்ட் ஏற்றுகிறார்கள். கண்ணாடிக்கு வைத்தேன், நாலு சில்லுக்கும் வைத்தேன். மருமகள் காரின் பக்கவாட்டில், கரண்ட் ஏற்றும் இடத்துச் சின்ன மூடியைத் திறந்து, "மாமா, இதுதான் முக்கியமான இடம். இதுக்குள்ளயும் ஒண்டு வையுங்கோ" என்றாள். உள்ளே வட்ட வட்டமாக ஓட்டைகள். விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். சிநேகிதரே, காதுக்குள் உம்முடைய குரல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது: "துரு."

கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக உம்மிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி; நாங்கள் ஊரை விட்டு இந்தப் பனி தேசத்துக்கு வந்த காலம். நீர் ரப்பர் பக்டரி வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய பிக்கப் ட்றக்கையும் அதன் முன்னால் பூட்டிப் பனி தள்ளும் பெரிய இரும்புத் தகட்டையும் வாங்கியிருந்தீர். அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தைக் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளி வெளியாக்கும் வேலை கிடைத்தது. தகட்டை அவர்களுடைய பின்வளவிலேயே வைத்திருக்க விட்டார்கள். ட்றக் உம்முடைய வீட்டில் நின்றது. ஊரில் பௌதிகம் படிப்பித்த நான், இங்கே படிப்பிப்பதற்கான பத்திரம் வருமட்டும் உமக்கு உதவியாள். பதவி பெரியது; கையில் பனி அள்ளும் சவள்.

ஆயுத பூசை வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஐயர் ஒருவரும் இங்கே இல்லை. "மாஸ்டருக்குத் தேவாரம் வரும், மாஸ்டர் செய்யட்டும்" என்று நீர்தான் தீர்மானித்தீர். நான் குழைத்த சந்தனம் ஐந்தாறு ட்றக்குக்குக் காணும். ஸ்டியரிங், பொனற், லைற் எல்லாவற்றுக்கும் வைத்தும் மிச்சம் இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை. பம்பரில் ரப்பர் மூடி போட்ட ஒரு பிளக் இருந்தது அல்லவா, தகட்டைத் தூக்கும் பம்புக்குக் கரண்ட் போகிற பிளக்? நீர் கற்பூரம் எடுக்க வீட்டுக்குள் போன நேரம் அந்த மூடியைத் திறந்தேன். மூக்குத் துவாரம் போல இரண்டு ஓட்டை. இரண்டுக்கும் தாராளமாக வைத்தேன். பயபக்தியோடு மூடியும் விட்டேன்.

மார்கழியில் முதல் பெரும்பனி கொட்டிய காலை, நாங்கள் ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்தில் நின்றோம். தகட்டைப் பூட்டினீர். பிளக்கைக் குத்தினீர். ஏறியிருந்து சுவிச்சை அமத்தினீர். பொனற்றுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். தகடு அசையவில்லை. மறுபடியும் டிக். மறுபடியும் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தின் கேர்டேக்கர், வெள்ளை மீசைக்காரக் கிழவர், கோப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். "எட்டரைக்கு முதல் பஸ். எட்டு மணிக்கு இது அசையாவிட்டால் வேறு ஆளுக்குப் போன் எடுப்பேன். பிறகு குளிர்காலம் முடியுமட்டும் அவர்தான்" என்றார். கோபமில்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. இந்த வேலை போனால் நீர் திரும்பவும் பக்டரி ஃபோர்மனிடம் போக வேண்டும். விட்டு வரும்போது அவரிடம் நீர் சொல்லிவிட்டு வந்த வார்த்தைகளை நினைத்தால், அந்த வழியும் பனி மூடித்தான் கிடந்தது.

நான் உடனே விளக்கம் தொடங்கினேன். "குளிருக்கு ஒயில் தடிச்சுப் போச்சு. மார்கழியிலை நெய்ப் போத்தலைப் பாத்திருக்கிறீரோ? அதே கதைதான்."

"மாஸ்டர், முதல் என்ன வேலை செய்யுது எண்டு பாப்பம்" என்றீர் நீர். "செய்யாததுக்குப் பிறகு இருந்து அழுவம். டிக் எண்டு கேக்குது. அப்ப சுவிச் சரி. ஆனால் பம்ப் மோட்டர் ஊ எண்டு இரையேல்லை. ஒயில் தடிச்சால் மோட்டர் முனகும். இது முனகவும் இல்லை."

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் படிப்பித்தவன் வாய். ஒயில் தாங்கியைத் திறந்து பார்க்க வைத்தேன். அளவு சரியாக இருந்தது. குழாய்க்குள் காற்று நிற்கும் என்று சொல்லி, நானே தகட்டுக்குப் பின்னால் படுத்து நட்டைத் தளர்த்தினேன். காற்று வரவில்லை. ஒயில் வந்தது. கையுறைக்குள் புகுந்து முழங்கை வரைக்கும் ஒழுகியது. இன்ரவியூவுக்கென்று ஊரில் தைத்துக் கொண்டுவந்த ஒரே கோட்டைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தேன். நட்டைத் திரும்ப இறுக்கி முடிக்கக் கால்மணி நேரம் போய்விட்டது. கேர்டேக்கர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நீர் ஜம்பர் கேபிளை எடுத்தீர். பற்றரியிலிருந்து நேராகப் பம்ப் மோட்டரில் தொட்டீர். 'ஊ' என்று ஒரு இரைச்சல். தகடு ஒரு சாண் துள்ளி எழும்பியது.

"ஒயிலும் சரி, பம்பும் சரி. உம்மட நெய்க் கதை முடிஞ்சுது மாஸ்டர்."

"அப்ப இடையிலதான் ஏதோ தடை" என்று நான் அடுத்த பாடத்துக்குப் போனேன். "இப்ப பாரும், பள்ளிக்கூட வாசலாலை பிள்ளையள் ஓடி வருகினம் எண்டு வையும். வாசல்லை ஒருத்தன் குறுக்கை நிண்டால்..."

"மாஸ்டர், பிள்ளையள் பஸ்சிலை வருகினம். உண்மையான பிள்ளையள். உந்த டோர்ச்சைப் பிடியும்."

பிடித்தேன். நீர் பிளக்கை இழுத்துக் கழற்றினீர். ரப்பர் மூடி தொங்கியதைக் கண்டதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் குளிரிலும் வியர்த்தது. டோர்ச்சை இன்னும் கிட்டப் பிடித்தேன். நீர் முழங்காலில் இருந்து சின்ன ஸ்குரூ ட்ரைவரால் சுரண்டினீர். வெள்ளைப் பனியில் மஞ்சள் மஞ்சளாகத் தூள் விழுந்தது. ஒரு துண்டை எடுத்து மூக்கடியில் வைத்தீர். பிறகு மெல்ல நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தீர். காலையில் குளித்துவிட்டு வைத்த சந்தனப் பொட்டு அங்கே நல்ல வடிவாக இருந்தது.

"என்ன அது?" என்று கேர்டேக்கர் குனிந்தார்.

"துரு" என்றீர், ஆங்கிலத்தில்.

"மஞ்சளாக இருக்கிறதே?"

"பித்தளைத் துரு."

பித்தளையில் பிடிப்பது பச்சை. அது மணக்கவும் மாட்டாது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பௌதிக ஆசிரியர் அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கத் தகடு எழும்பியது. கடைசி மூலையை நீர் தள்ளி முடிக்கவும் முதல் பஸ் வளைந்து உள்ளே வரவும் சரியாக இருந்தது. கேர்டேக்கர் உமக்கொரு கோப்பி கொண்டுவந்து தந்தார். நீர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினீர். "கோட்டைக் கழுவக் குடும், மாஸ்டர்" என்றீர்.

அடுத்த ஆயுத பூசைக்கு என்னைக் கூப்பிடமாட்டீர் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டீர். வந்து பார்த்தால், பம்பரில் இருந்த பிளக்குக்குப் பாண் ரொட்டி சுற்றிவந்த பிளாஸ்ரிக் பை, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சொக்ஸ், அதற்கு மேல் சணல் கயிறு, மூன்று முடிச்சு.

"என்ன உது?" என்றேன்.

"குளிர் பிடிக்கும் மாஸ்டர்" என்றீர். வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

நான் சொக்ஸுக்குப் பொட்டு வைத்தேன்.

மூன்று ட்றக் ஆகி, மோர்னிங்சைட் வரைக்கும் உம்முடைய தகடுகள் ஓடின. எனக்கும் பத்திரம் வந்து, பள்ளிக்கூடமும் கிடைத்தது. வருடா வருடம் பூசைக்கு வந்தேன். மூன்று பிளக்குக்கும் மூன்று சொக்ஸ் போட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். சொன்னால் நீர் சிரித்துவிட்டுச் சொக்ஸைக் கழற்றிவிடுவீரோ என்று ஒரு பயம். அந்தச் சொக்ஸ் எனக்கு வேண்டியிருந்தது.

உம்முடைய செத்தவீட்டு மண்டபத்தில் கார் நிறுத்துமிடத்துப் பனியை யாரோ ஓரத்துக்குத் தள்ளாமல் நடுவில் கொண்டுபோய்க் குவித்து வைத்திருந்தார்கள். எல்லாரும் உள்ளே அழ, நான் யன்னலால் அதைப் பார்த்து, நீர் இருந்தால் அந்த ஆளை என்ன பேசியிருப்பீர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உம்முடைய மனைவி என்னைப் பார்த்து, "மாஸ்டர் ஏன் சிரிக்கிறியள்?" என்று கேட்டா.

வகுப்பில் இருபத்தைந்து வருடம் உம்முடைய வாயால்தான் பிழைத்தேன். விடை பிழைத்த பிள்ளை அழத் தொடங்கினால், "முதல் என்ன சரியாக இருக்கிறது என்று பார்ப்போம்" என்பேன். முதல் மூன்று வரி சரியாக இருக்கும். நாலாவது வரியில் தடை நிற்கும். யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை.

அந்த மஞ்சள் துருவை வைத்தது நான்தான். உமக்குத் தெரியும். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

இன்று காலை மருமகளிடம் ஒரு சொக்ஸ் கேட்டேன். பேத்தியினுடையதைக் கொண்டுவந்தாள், முயல்குட்டிப் படம் போட்டது. காரின் மூடியைச் சாத்தி, அதன் மேல் சொக்ஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முயலின் நெற்றியில் பொட்டை வைத்தேன்.

"என்ன மாமா உது?" என்றாள். ஆவணி வெயிலில் அவளுடைய முகம் வியர்த்திருந்தது.

"குளிர் பிடிக்கும் பிள்ளை" என்றேன்.