கூடைக்கு ஒரு அண்டா

புதுக்கோட்டை
18 டிசம்பர் 2024

அடியே அன்பு,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத கை வரலை, அதை அப்புறம் பாத்துக்கலாம்.

மொதல்ல ஒனக்கு ஒரு கொட்டு. லீக் ஆபீஸ்ல இருக்கவங்க சீசன் முடியுற வரைக்கும் பிளேயர்கிட்ட போன் பேசக் கூடாது, மெசேஜ் அனுப்பக் கூடாதுன்னு ரூல் போட்ட மகராசி, கடிதத்தை மட்டும் எழுத மறந்துட்டே. பதினஞ்சு வருஷம் ஒண்ணா பாஸ்கெட்பால் ஆடினவளை, டைரக்டர் ஆன கையோட ஒரே ரூல்ல வெட்டி விட்டுறலாம்னு பாத்தியா? ஸ்டாம்பு ஒட்டி வாரேன் பாரு.

நேத்து விடியக்காலம் ஒரு கனவு. நம்ம ஆலங்குடி ஸ்கூல் கிரவுண்டு. தரையெல்லாம் பனி, முழங்காலுக்கு மேலதான் ஆள் தெரியுது. நம்ம பழைய செட்டு அஞ்சு பேரும் ஆடுறோம். பந்து கைக்குக் கை போய்க்கிட்டே இருக்கு, சத்தமே இல்லை. யாரும் கூடைக்குப் போடலை, போடணும்னு யாருக்கும் தோணவும் இல்லை. எவ்வளவு நேரம் ஆடினோமோ தெரியாது. முழிச்சுப் பாத்தா என் கை ரெண்டும் மேல தூக்கியே இருக்கு. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த எங்க டீம் ஆஃப்ரீன் பயந்து எந்திரிச்சு, அக்காவுக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு தண்ணியைத் தெளிச்சுட்டா.

நெசத்துல நடக்குற ஆட்டம் அப்படி இல்லைடி. நீ இந்த வருஷம் கொண்டாந்தியே கூடைப் பரிசு, அது எங்களை என்னமோ பண்ணுது. மேட்ச் நடக்குறப்பவே மைக்ல சொல்றாங்க, அடுத்த கூடை போடுற வீராங்கனைக்கு ஒரு அண்டான்னு. அப்புறம் மிக்ஸி, அப்புறம் பட்டுப்புடவை. ஆஃப்ரீன் போன வாரம் பிரிட்ஜே வாங்கிட்டா. கோச் ஆண்டியப்பன் சார் போர்டுல கோடு போட்டு யார் எங்கிட்டு ஓடணும், யாருக்குப் பந்து போகணும்னு சொல்லித் தாராரு. எல்லாரும் தலையை ஆட்டுறோம். மைக்ல பரிசு சொன்னதும் அத்தனையும் மறந்துபோகுது. என் கையிலேர்ந்து போன பந்து எனக்குத் திரும்பி வரதே இல்லை.

அதோட அந்தப் பட்டியல் வேற. சீசன் முடியுறப்ப டீம்ல இருக்க பன்னெண்டு பேர்ல புள்ளி கம்மியான மூணு பேர் வீட்டுக்குப் போகணும். நான் பாஸ் கொடுக்கிறவ. பாஸுக்கு ஏது புள்ளி? முப்பத்திமூணு வயசுல கேப்டன்னு பேரு வச்சுக்கிட்டு, கீழேர்ந்து நாலாவது ஆளா நிக்கிறேன்.

ஒனக்காகக் கொஞ்சம், எனக்காகக் கொஞ்சம் கோவத்தோட,
புவனா


சென்னை
29 டிசம்பர் 2024

அன்புள்ள புவனா,

உன் கொட்டு வந்து சேர்ந்தது, வலிக்கவும் செய்தது. ரூலில் கடிதத்தை விட்டது மறதி என்று நீ நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

கனவை மூன்று முறை படித்தேன். அந்த அஞ்சு பேரில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று நீ எழுதவில்லை. இடது மூலைதானே?

கூடைப் பரிசைப் பற்றிச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். போன வருஷம் நம் முதல் மேட்சுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்கே தெரியும். நூற்று நாற்பது. அதில் பாதிப் பேர் உங்கள் வீட்டு ஆட்கள். டீம் ஓனர்கள் லீக்கையே மூடிவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தார். அரிமளம் பக்கத்தில் எந்த ஊர் ஜல்லிக்கட்டு என்றாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். "மாடு பிடிச்சா அண்டா, மாடு ஜெயிச்சா மாட்டுக்காரருக்கு அண்டா" என்று அவர் சொல்லும்போது மரத்து மேல் இருக்கிறவன்கூட இறங்கி வந்துவிடுவான். அதைத்தான் இங்கே கொண்டுவந்தேன். இப்போது டிக்கெட் இல்லை என்று போர்டு வைக்கிறோம், புவனா. உன் ஆட்டத்தைப் பார்க்க மூவாயிரம் பேர்.

பாஸுக்குப் புள்ளி இல்லாதது தப்புதான். ஆனால் சீசன் நடுவில் மாற்றினால், டைரக்டர் தன் சிநேகிதிக்காக மாற்றினாள் என்பார்கள். கொஞ்சம் நீயும் கூடைக்குப் போடேன். உன்னால் முடியாதா என்ன?

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. முழங்காலுக்கு ஐஸ் வை.

என்றும் உன்,
அன்புமொழி


புதுக்கோட்டை
16 ஜனவரி 2025

அன்பு,

பொங்கல் வாழ்த்து. இடது மூலைதான். வேற எங்க நிப்பே நீ?

நேத்து லீவு. ஊர் வாடிவாசல் பக்கம் போய் நின்னேன், ஒங்கப்பா மாதிரியே ஒருத்தர் மைக்ல கத்திக்கிட்டு இருந்தாரு. அங்க நிக்கிறப்பதான் எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. ஒரு மாட்டோட திமிலை ஒருத்தன்தான் பிடிக்கணும். ரெண்டு பேர் சேந்து தொங்கினா பரிசு கிடையாதுன்னு மைக்லயே சொல்லி விட்டுருவாங்க. அந்த ஆட்டம் அப்படி. நம்ம ஆட்டத்துல ஒருத்தி தனியாப் பிடிச்சுக்கிட்டு ஓடினா எப்படிடி? ஒங்கப்பா மைக்கை எடுத்தாந்தே சரி. அதோட அந்த ரூலும் சேந்து வந்துருச்சு, அதை நீ பாக்கலை. நம்ம ஊர்க்காரி தவிர வேற எவளும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டா.

அஞ்சு மேட்ச் வரிசையாத் தோத்தாச்சு. பஸ்ல திரும்பி வரப்ப யாரும் யார்கூடவும் பேசுறதில்லை. கீரனூர் தாண்டுற வரைக்கும் ஜன்னல்ல முகத்தை வச்சுக்கிட்டு வெளிய பாக்குறோம். பனியில வயலும் தெரியலை, ஊரும் தெரியலை, அப்படியே மெதந்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. முன்னாடியெல்லாம் தோத்துட்டு வரப்பவும் பாட்டுப் பாடுவோமே. இப்ப தோத்த மேட்ச்லயும் ஒருத்தி மடியில மிக்ஸி இருக்கு. அவ சிரிக்கிறதா அழுகுறதா சொல்லு.

நம்ம டீம்ல இலக்கியான்னு ஒரு புள்ள. பத்தொம்பது வயசு. நான் தலையைத் திருப்புறதுக்குள்ள அங்க போய் நிப்பா. அவளை மாதிரி ஒருத்தி கெடைக்கணும்னுதான் நான் இத்தனை வருஷம் ஆடினேனோன்னு தோணுது. அவளும் இன்னும் ஒரு மாசத்துல கெட்டுப்போயிருவா, பாத்துக்க.

எனக்காகக் கேக்கலை. மாத்துடி.

புவனா


சென்னை
25 ஜனவரி 2025

புவனா,

நீ எழுதியது சரி. திமில் விஷயத்தைப் படித்ததும் நாற்காலியிலேயே அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் போய், விளக்குப் போட்டது தெரியவே இல்லை. எங்கள் அப்பா இருந்திருந்தால் முதல் மேட்சிலேயே சொல்லியிருப்பார்.

பிப்ரவரி இருபதாம் தேதி ஓனர்கள் மீட்டிங். அடுத்த வருஷம் பரிசைக் கார் ஆக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் எடுத்துவிடலாம் என்று சொல்லப் போகிறேன். அவர்கள் ஆதாரம் கேட்பார்கள். அவர்கள் கையில் நிறைந்த கேலரி இருக்கிறது. என் கையில் என்ன இருக்கிறது? ஆட்டம் அழகாக இல்லை என்று சொன்னால் சிரிப்பார்கள்.

பொறுத்துக்கொள், என் கண்ணு.

அன்புமொழி


புதுக்கோட்டை
9 பிப்ரவரி 2025

அன்பு,

இதை யார்கிட்டயும் சொல்லலை. ஒனக்கு மட்டும் எழுதுறேன்.

நேத்து மேட்ச். ஒரு புள்ளி பின்னாடி இருக்கோம், ஒம்பது செகண்ட் பாக்கி. பந்து என் கையில. மைக்ல ஏதோ சொன்னாங்க, ஸ்கூட்டின்னு நெனக்கிறேன், எனக்குக் காதுல விழலை. எல்லாமே ரொம்ப மெதுவா நடந்துச்சு. ரெண்டு பேர் என்னை மறிக்க வாராங்க. இலக்கியா கூடைக்குக் கீழ தனியா நிக்கிறா. அவ பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லை. அவ நெத்தியில வழியிற வேர்வை வரைக்கும் தெரிஞ்சுச்சு. பாத்தேன் அன்பு. நல்லாப் பாத்தேன். கை போகலை. நானே போட்டேன். வளையத்துல பட்டு வெளிய போயிருச்சு.

ஸ்கூட்டிக்காக இல்லை. பட்டியல்ல எனக்குக் கீழ இருக்கவளுக்கும் எனக்கும் ரெண்டே புள்ளி வித்தியாசம். அதுதான் கைக்குள்ள இருந்துச்சு. இன்னொண்ணும் சொல்லிடுறேன். அந்தப் புள்ள மேல எனக்குப் பொறாமை. அவ போட்டா கூட்டம் அவ பேரைச் சொல்லும், அடுத்த வருஷம் அவ இருப்பா, நான் இருக்க மாட்டேன். இந்த ஆட்டத்தை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பயத்துல நான் பாஸ் கொடுக்கலை.

மத்தவங்களை எல்லாம் பேசினேனே. என் வாயில மண்ணைத்தான் போடணும்.

யாரும் கண்டுபிடிக்கலை. கடைசி நேரம், கேப்டன் துணிஞ்சு போட்டான்னு கோச்கூட முதுகுல தட்டிக் கொடுத்தாரு.

புவனா


சென்னை
24 பிப்ரவரி 2025

என் புவனா,

கூடைப் பரிசு போய்விட்டது. பட்டியலும் போய்விட்டது. அடுத்த சீசனிலிருந்து தனி ஆள் பரிசு கிடையாது, ஜெயித்த டீம் மொத்தத்துக்கும்தான். கூடைக்குக் கிடைக்கிற மதிப்பு அதற்கு முந்தின பாஸுக்கும் உண்டு. மைக்கில் ரெண்டு பேர் பேரையும் சொல்லுவார்கள்.

எப்படி என்று சொல்ல வேண்டும். மீட்டிங்கில் ஒரு மணி நேரம் பேசினேன், யாரும் கேட்கவில்லை. கார் கம்பெனிக்காரர் வெளியே வந்து உட்கார்ந்தாகிவிட்டது. பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து வாசித்தேன். பேரைச் சொல்லவில்லை. வாசித்து முடித்தேன். ஒரு ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஆடினவளையே இந்த ரூல் இப்படிப் பண்ணியிருக்கிறதே என்று அவர்தான் முதலில் சொன்னார்.

நீ சாதித்துவிட்டாய் புவனா. என் எந்தப் பேச்சும் செய்யாததை உன் கடிதம் செய்தது.

உடனே பதில் போடு.

அன்புமொழி


புதுக்கோட்டை
7 மார்ச் 2025

அன்புமொழிக்கு,

பேரைச் சொல்லலைன்னு எழுதியிருக்கே. ஒம்பது செகண்ட், ஒரு புள்ளி, கூடைக்குக் கீழ தனியா நின்ன புள்ள. அப்படி ஒரு மேட்ச்தான் நடந்துச்சு. எங்க ஓனர் அந்த ரூம்லதான் உக்காந்திருந்தாரு. மறுநாள் பேப்பர்ல ஒன் போட்டோ, துணிச்சலான முடிவுன்னு தலைப்பு. அதுக்குக் கீழ, அந்த ரூம்லேர்ந்து யார் சொன்னாங்களோ, ஒரு மூத்த வீராங்கனையின் ஒப்புதல்னு என் வரி ரெண்டு.

ஓனர் கூப்பிட்டாரு. மரியாதையாத்தான் பேசினாரு. தெரிஞ்சே பாஸ் கொடுக்காதவங்களைக் கேப்டனா வச்சுக்கிட முடியாதும்மான்னாரு. அடுத்த சீசன் டீம்ல நான் இல்லை.

அது போகட்டும். செஞ்ச தப்புக்கு அது சரிதான். இலக்கியாகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெனம் காலையில நெனச்சுக்கிட்டே எந்திரிப்பேன். அவ பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு வந்து நின்னா. "அன்னிக்கே எனக்குத் தெரியும்க்கா, நீங்க என்னைப் பாத்தீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்"னு சொன்னா. நான் பொறாமைன்னு எழுதினதையும் அவ படிச்சுட்டா. அவ மூஞ்சியை என்னால பாக்க முடியலை.

ஒங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். என் கடிதம் கைக்கு வந்து மீட்டிங்குக்கு ஒரு வாரம் இருந்துச்சு. சென்னையிலேர்ந்து புதுக்கோட்டைக்கு ஏழு மணி நேரம் பஸ். வாசிக்கட்டுமாடின்னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா நானே அந்த ரூமுக்கு வந்து, எல்லார் முன்னாடியும் என் வாயால சொல்லியிருப்பேன். நான் பக்கத்துலதான் நின்னேன். நீ பாத்துக்கிட்டே நீயே போட்டுட்டே. ஒனக்கு அது விழுந்துருச்சு, அவ்வளவுதான்.

புவனேஸ்வரி


சென்னை
19 மே 2025

புவனா,

இது நான் எழுதும் நாலாவது கடிதம். மற்ற மூன்றையும் அனுப்பவில்லை. அவற்றிலெல்லாம் காரணம் சொல்லியிருந்தேன்.

கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதனால்தான் கேட்கவில்லை. நேரம் இல்லாமல் இல்லை.

என்னை நாலு திட்டு திட்டியாவது எழுது.

அன்பு


ஆலங்குடி
15 டிசம்பர் 2025

அன்புமொழிக்கு,

மே மாசம் போட்ட கடிதம் கெடைச்சுது. பதில் எழுத நாளாயிருச்சு.

நான் இங்க அண்ணன் முந்திரி ஆலையில சூப்பர்வைசரா இருக்கேன். முழங்கால் தேவலை.

சனிக்கிழமை சீசனோட மொதல் மேட்சுக்குப் பஸ் ஏறி வந்தேன், டிக்கெட் வாங்கிக்கிட்டு. மேல் கேலரியில கடைசி வரிசை. அங்கேருந்து பாத்தா ஆளுங்க மூஞ்சி தெரியாது, ஆட்டம் மட்டும்தான் தெரியும். ரெண்டாவது பாதியில ஒரு தடவை நம்ம புள்ளைங்க பதினோரு பாஸ் போட்டாங்க. நான் எண்ணினேன். ஆறாவது பாஸ்ல கூட்டம் கத்துறதை நிறுத்திருச்சு. பந்து எங்கிட்டுப் போகுதுன்னு யாரும் சொல்ல முடியாது, அதுபாட்டுக்குப் போகுது, அது போற எடத்துல எல்லாம் ஒரு கை இருக்கு. ஓட்டத்தை வச்சே தெரிஞ்சுச்சு, ஆஃப்ரீன் கைக்கு வந்துச்சு, போடுவான்னு பாத்தேன், அவளும் கொடுத்துட்டா. கடைசியா கூடையில விழுந்தப்ப யார் போட்டான்னு எனக்குத் தெரியலை. பக்கத்துல இருந்த அம்மாவுக்கும் தெரியலை. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கத்துறோம். கண்ணுல தண்ணி நிக்கலை எனக்கு.

அந்த ஆட்டத்தை ஆட வச்சது நீதான். லீக்ல மேல உக்காந்திருக்கவங்க ஒரு வரி எழுதினா கீழ பத்துக் கை மாறிப்போகும்னு நான் ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். நீ மாத்தினது நல்ல காரியம். அதை யார் கேட்டாலும் சொல்லுவேன்.

முன் வரிசையில நீ உக்காந்திருந்தே, முதுகைப் பாத்தே கண்டுபிடிச்சேன். மெலிஞ்சு போயிருக்கே, ஒடம்பைப் பாத்துக்க. இடைவேளையில எந்திரிச்சு கேலரி முழுக்கத் தேடினே. யாரைன்னு எனக்குத் தெரியும். எறங்கி வரலாம்னு நெனச்சேன், படி வரைக்கும் வந்தேன். அங்கயே நின்னுட்டேன்.

ஒம்மேல கோவம் எதுவும் இல்லை. மேட்ச் நல்லா இருந்துச்சு, டீம் நல்லா இருக்கு, நான் சௌக்கியம். இந்தக் கடிதத்தை நீ எந்த மீட்டிங்ல வேணும்னாலும் வாசிச்சுக் காட்டலாம். அப்படித்தான் எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
புவனேஸ்வரி