ஃபைட்டர் மீன் படம் யாருடையது

புதன்கிழமை, ராத்திரி.

பேத்தி ஜெனிதா போட்டோ போட்டிக்காக எங்கள் ஃபைட்டர் மீனைக் காலையெல்லாம் படம் எடுத்தாள். எல்லாம் கலங்கல். உப்புக்காற்றில் மங்கிய தொட்டியைத் துடைக்கத் துணி எடுக்கப் போனபோது போனை என்னிடம் கொடுத்தாள். ஒரே தடவை அழுத்தினேன். வால் முழுக்க விரிந்தது அப்படியே படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. ஜெனிதா திரும்பி வந்து பார்த்தாள்.

"செம லக்கு ஆயா உனக்கு!"

"லக்காடி? வளையலை ஆட்டினா அது வாலை விரிக்கும். தினம் தீனி போடறவளுக்குத் தெரியாதா?"

"அப்போ இன்னொண்ணு எடு. உன் பேரையே போடறேன்."

வளையலை ஆட்டினேன். மீன் விரித்தது. அழுத்துவதற்குள் திரும்பிக்கொண்டது. பத்துத் தடவை எடுத்தும் பத்துப் படமும் கலங்கல்.

"யார் பேரு போடட்டும்? காலையில சொல்லு" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

முதல் தடவை வளையலை நானாக ஆட்டினேனா, வயசான கை தானாக நடுங்கியதா? நினைவில்லை. என் பேரைப் போடச் சொல்லத்தான் ஆசை.