பாஸ் மார்க் முப்பத்தைந்து

புத்தூர்,
16.2.2024

அன்பு மகள் ரேகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புவனேஸ்வரத்தில் உனக்கு பேங்க் வேலையும் சாப்பாடும் ஒத்துப்போய்விட்டது என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் நாள் முழுக்க உன் நைனா கையில்தான். வருகிற மெசேஜை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுகிறார். அதனால் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டெஸ்ட் வைத்துவிட்டு, மீந்த விடைத்தாளில் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் எங்கள் ஸ்டாஃப் ரூம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லோரும் இன்கம்டாக்ஸ் படிவத்தோடு சுரேஷ்பாபு சாரைச் சுற்றி நிற்போம். மிச்ச வரியை இந்த மாதச் சம்பளத்தில்தான் மொத்தமாகப் பிடிப்பார்கள். என் படிவத்தில் வருடா வருடம் ஒரு கட்டம் காலியாகிறது. உன் காலேஜ் பீஸ் எழுதிய இடம் போய்விட்டது, ஒரு பாலிசியும் முடிந்துவிட்டது. வீட்டுக் கடன் வட்டி மட்டும் போகிற வழியாக இல்லை. கணவருக்கு நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் ஊனம் என்று அரசுச் சான்றிதழ் இருந்தால், அவர் நம்மைச் சார்ந்தவர் என்று காட்டி வருமானத்தில் எழுபத்தைந்தாயிரம் கழிக்கலாம் என்று போன மாதம் சுரேஷ்பாபு சார்தான் சொன்னார். வரியில் பதினைந்தாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். வாரம் மூன்று நாள் வந்து நைனாவின் கைக்குப் பயிற்சி கொடுக்கிறாரே பிசியோதெரபி தரணி, அவருக்கு அது கொஞ்ச நாள் ஓடும் என்று நினைத்தேன்.

அதை உன்னிடம் சொன்னேன். நீயும் நல்ல மனதோடுதான், நைனாவை டிபெண்டன்ட் என்று போட்டுவிடு அம்மா என்று மெசேஜ் அனுப்பினாய். அதை முதலில் படித்தது அவர். மூன்று வாரமாக அவர் உன்னிடம் பேசாததற்குக் காரணம் அதுதான். தூங்குகிறார், வெளியே போயிருக்கிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய். இருவத்தெட்டு வருசம் ஊர்ல கீற கெணத்து மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டின கை இது, பெத்த பொண்ணே என்ன டிபெண்டன்ட்னு சொல்லிக்கினு கீறாளே என்று, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

கெஞ்சியும் சண்டை போட்டும் சம்மதிக்க வைத்தேன். சான்றிதழ் கொடுக்கும் சதரம் முகாமுக்கு ஸ்லாட் கிடைத்தது. போன வாரம் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுத் திருப்பதிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். உள்ளது உள்ளபடி காட்டுங்கள், அது போதும் என்று வழியெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம்.

டாக்டர் வலது கையைத் தூக்கச் சொன்னார். வாதம் வந்த நாளிலிருந்து சட்டைப் பொத்தான் வரைக்கும்கூட எழும்பாத கை. ரேகா, உன் நைனா பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காது வரை தூக்கினார்! தன் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார் டாக்டர். அவர் சிரித்துக்கொண்டே சாலு, சாலு, போதும் என்று சொல்லும்வரை நைனா விடவில்லை. நைனாவின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. சான்றிதழ் கிடைக்காது என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் வடமாலப்பேட்டை தாண்டும்வரை கோபத்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தால் மடியில் அந்தக் கை துவண்டு கிடந்தது. டிக்கெட்டைக்கூட அதனால் பிடிக்க முடியவில்லை.

நேற்று முன்தினம் போனுக்கு முடிவு வந்தது. அதையும் முதலில் படித்தது அவர்தான். முப்பத்தஞ்சு சதவீதமாம், பாஸ் மார்க்குதான டீச்சர் என்று என்னிடம் நீட்டினார். திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடுப்படியில் போய் அழுதேன்.

முகாமுக்குப் போய் வந்த நாளிலிருந்து அந்தக் கை முன்பு எழும்பிய அளவுக்குக்கூட எழும்பவில்லை. தோள் சுளுக்கிக்கொண்டது என்கிறார் தரணி. அவரையும் இனி வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அப்பீல் போடலாம் மேடம், இன்னொரு தடவை காட்டலாம் என்றார் சுரேஷ்பாபு சார். வேண்டாம் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். இன்னொரு தடவை அவர் அப்படிக் கை தூக்குவதைப் பார்க்க என்னால் ஆகாது.

எனக்கு அலுத்துவிட்டது ரேகா. நாலரைக்கு எழுந்து சமைத்து, அவரைக் குளிப்பாட்டி, பொத்தான் போட்டுவிட்டு பஸ் பிடிக்கிறேன். எனக்கு எத்தனை சதவீதம் என்று எந்த முகாமிலும் அளக்க மாட்டார்கள். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், சொல்லிவிட்டேன்.

உகாதிக்கு வருவதாகச் சொன்னாயே, கட்டாயம் வா. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு நான்தான் போவேன் என்று நேற்று அவராகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை. நடந்ததைப் பற்றிப் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. ஏழுமலையான் உன்னை நன்றாக வைக்கட்டும். ரயிலை விட்டு இறங்கியதும் பையை நைனாவிடம் கொடு. எந்தக் கையை நீட்டினாலும் அந்தக் கையில் கொடு. அதற்கென்று கனமில்லாத பை ஒன்று கொண்டு வா.

உன் அம்மா,
மனோரமா