ஆலைச் சங்கு ஊதிய பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். சக்குபள்ளத்து மழைக்கு முழங்கால் வலி கூடவில்லையே? கஞ்சிக்கோட்டில் நான் சுகம்.

"அந்த இரும்புப் பாட்டுக் குழு என்னாச்சுடா?" என்று கேட்டிருந்தீர்கள். உடைந்துபோன நான்கு ராக் குழுக்களின் தலைவர்கள் சேர்ந்த குழு அது. கிதாரோடு ஆலைச் சத்தத்தையும் கலந்து வாசிப்போம். நாலு பேரும் தலைவர்கள் என்பதால் தினமும் சண்டை. எலப்புள்ளிக் கச்சேரியோடு பிரிவதாக முடிவாகியிருந்தது.

அங்கே பாட்டின் நடுவில், பதிந்து வைத்திருந்த ஆலைச் சங்கை ஒலிக்கவிட்டோம். கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஆலைத் தொழிலாளிகள். ஷிப்ட் முடிந்ததைப் போலப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தார்கள். எங்கள் டிரம்ஸ்காரர் மயில்சாமியும் குச்சியை வைத்துவிட்டு இறங்கினார்.

"எங்கண்ணே போறீங்க?" என்றேன்.

"சங்கு ஊதிப்போட்டாங்கல்ல தம்பி!"

மேடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தோம். நடந்தவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அதன்பிறகு பிரிகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பாடா என்றிருக்கிறது, அம்மா.

அடுத்த பாட்டுக்கு நம் எஸ்டேட் மணிச் சத்தம் வேண்டும். காலையில் வேலைக்கு அடிக்கும்போது போனில் பதிந்து, சிக்னல் கிடைக்கையில் அனுப்புங்கள். நடுவில் உங்கள் குரல் விழுந்தால் அழித்துவிடாதீர்கள், அதுவும் வேண்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் ரிஜோ