கந்தப்பளையில் ஒரு டிக்கோயாச் சரிவு

ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிப் பேசும் என் அப்பாவுக்கு,

உங்கள் பஸ்ஸின் விலாவை அறுத்துவிட்டார்கள், அப்பா.

இப்படித் தொடங்கக் கூடாதுதான். நலம் கேட்டு, மழையைப் பற்றி நாலு வார்த்தை எழுதி, பிறகு மெல்லச் சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் எனக்கு அதை யாரும் மெல்லச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தேன். பார்த்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு எனக்குக் கந்தப்பளையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. உங்களுக்குத் தெரியாது அல்லவா? பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியதோடு நீங்கள் போய்விட்டீர்கள். அங்கே ஒரு மரக்கறித் தோட்டக்காரர் வீட்டில் சின்ன அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். தவணை விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் வழியில், பழக்கதோஷத்தில், டிக்கோயாவில் நிமல் அய்யாவின் கராஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அங்கேதானே எப்போதும் நிற்கும் உங்கள் பஸ். நீங்களும் அவரும் ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு. சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் வைத்து வீடாக்கியது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் மலை மலையாக ஓட்டியது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் நம்மோடு இருந்த லயத்துக்காரர்கள் "சக்கர லயம்" என்று பெயர் வைத்துச் சிரித்தது.

அதன் வலப்பக்கத்தில் இரண்டு ஜன்னல்களைக் காணவில்லை. ஜன்னலுக்குக் கீழிருந்த தகரத்தையும் காணவில்லை. ஒரு பெரிய ஓட்டை. அதற்குள் உங்கள் அடுப்பு தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், நிமல் அய்யா வெல்டிங்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அம்மா நின்றார்.

நம் அம்மா, அப்பா. கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்காருகிற அம்மா.

"என்னாம்மா இது? வித்துட்டீங்களா?"

"விக்கிறதா இருந்தா எதுக்கு வெட்டுறாங்க? காம்பரா போடுறோம்."

பஸ்ஸில் அறை போடுவதா? நிமல் அய்யா பஸ்ஸுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, சிங்களம் கலந்த தன் தமிழில் சொன்னார். "பயப்பட வேணாம் துவ, மகளே. இது ஒங்க அப்பா சொன்ன வேலதான். நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டது."

உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று தங்கள் ஊர் வீட்டு வண்டியைப் போனில் காட்டியது என்று ஒருநாள் ஓடி வந்தீர்கள். தீப்பெட்டியை எடுத்து, உள்பெட்டியைப் பாதி தள்ளிக் காட்டினீர்கள். "இதுதான் தள்ளுக் காம்பரா. ஓடும்போது உள்ளுக்கு. நின்னா வெளிய." நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

ஏன் இப்போது என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மா பென்சன் வாங்கிவிட்டார். தம்பி கொழும்பில். தோட்டத்தில் வேலை செய்ய நம் வீட்டில் இனி ஆள் இல்லை. அதனால் நாம் இருந்த லயக் காம்பராவைத் தோட்ட நிர்வாகத்தார் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அம்மாவை என் அறைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று நான் திட்டம் போட்டு, கட்டில்கூடப் பார்த்து வைத்திருந்தேன். போனில் சொன்னபோதெல்லாம் "பார்ப்பம்" என்பார். அந்தப் பார்ப்பத்துக்குள் இத்தனை பெரிய ஓட்டை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"ஒங்கூட வந்து ஒண்டிக்க மாட்டேன், புள்ள" என்றார் அம்மா. "என் வீட்டோட வாரேன்."

பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒனக்கும் ஒரு காம்பரா வேணும்ல. பொறந்ததுலருந்து சீலை மறைப்புக்குப் பின்னாலதானே படுத்துப் படிச்ச."

நான் கராஜுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

விடுமுறை முழுவதும் அந்த வேலைதான். இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்து, ஜன்னல் வைத்து, ஒரு கட்டில் கொள்ளும் அளவுக்குப் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். அது ஓடத் தண்டவாளம். கைப்பிடியைச் சுற்றினால் செயின் பெட்டியை வெளியே தள்ளும், மறுபக்கம் சுற்றினால் உள்ளே இழுக்கும். தண்டவாளத்தை ஒட்டுவதற்கு முன் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"காம்பரான்னா தரை மட்டமா இருக்கணும் தம்பி. முட்டைய வச்சா உருளக் கூடாது."

"அது சரிதானே அக்கே" என்று நிமல் அய்யா தண்ணீர் நிரப்பிய டியூப்பைக் கொண்டுவந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அம்மா. லயத்தில் சமைக்கக் குசினி எடுத்தபோது நீங்களும் அம்மாவும் பிடித்தீர்களே, அதேபோல. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்ததும் "ஹரி, சரி!" என்று நிமல் அய்யா கோடு போட்டுத் தண்டவாளத்தை ஒட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன்.

முதல் தடவை சுற்றியபோது அந்த அறை தீப்பெட்டிபோலவே வழுக்கிக்கொண்டு வந்தது, அப்பா. பின்னால் ஓடும் ஓயா ஆற்றுப் பக்கமாக, காற்றில். கீழே இரண்டு கால்களை முட்டுக் கொடுத்தார்கள். அம்மா உள்ளே போய் முட்டையை வைத்தார். முட்டை அசையவில்லை. நிமல் அய்யா விசில் அடித்தார்.

புறப்பட்ட நாளில் அவர்தான் ஓட்டினார். கிளம்புமுன் அம்மா அடுப்புக்குக் குனிந்து, வலப்பக்கக் கால்களுக்கு அடியில் நீங்கள் செருகி வைத்த பலகைத் துண்டை உருவி எடுத்தார். ஓட்டம் புறப்படும்போது நீங்கள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்கள். கராஜுக்குத் திரும்பி வந்து நிறுத்தியதும் மறுபடி செருகுவீர்கள். அம்மாவுக்குச் சட்டைப் பை இல்லை. வழியெல்லாம் கையிலேயே வைத்திருந்தார்.

தலவாக்கலை தாண்டும்போது கேட்டேன், "காம்பராச் சாவி எங்கம்மா?"

"கொடுத்தாச்சு."

"எப்ப?"

"காலையில. நீ பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தப்ப."

அவ்வளவுதான். நான் பிறந்த காம்பரா, தம்பி பிறந்த காம்பரா, உங்களைக் கிடத்தியிருந்த காம்பரா. நான் பல்லு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா முன் கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

கந்தப்பளையில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அக்கா தன் முற்றத்தில் பஸ்ஸை நிறுத்தச் சம்மதித்திருந்தார். கரட்டும் லீக்ஸும் ஏற்ற லொறி வந்து திரும்பும் இடம்; பலகைபோல் சமமான தரை. நாங்கள் நுழைந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் வேலியோரம் நின்றார்கள்.

"டீச்சரோட வீடு ஓடி வருதுடா!"

"டீச்சர், ஒங்க வீட்டுக்கு ஹார்ன் இருக்கா?"

நிமல் அய்யா ஹார்ன் அடித்தும் காட்டினார். சீட்டுக்கு அடியில் இடம் இருந்தால் நான் ஒளிந்திருப்பேன்.

பிறகு கைப்பிடியைச் சுற்றினார். அறை வரவில்லை. இன்னும் அழுத்திச் சுற்றினார். ஒரு சாண் வெளியே வந்தது. கையை மாற்றியதும் சரசரவென்று திரும்ப உள்ளே போய்விட்டது, யாரோ உள்ளிருந்து இழுத்ததுபோல. எண்ணெய் விட்டார். செயினைக் கழற்றி மாட்டினார். வீட்டுக்கார அக்காவும் நானும் சேர்ந்து தள்ளினோம். மறுபடி ஒரு சாண், மறுபடி உள்ளே.

"வெக்கப்படுது போல" என்றார் அக்கா. "டீச்சர் மாதிரியே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன்.

அவர் பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். அறை உள்ளே இருந்தால் பஸ்ஸுக்குள் திரும்பவும் இடமில்லை. கட்டிலை விரிக்க முடியாது, பெட்டிகளை இறக்க முடியாது. "திருப்பிக் கொண்டு போவமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கே கொண்டுபோவது, அப்பா? சாவியைத்தான் கொடுத்தாகிவிட்டதே. என் அறைக்கு வாங்க என்ற சொல் என் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அம்மா வந்திருப்பார். என்னோடு ஒண்டியிருப்பார். அதற்குப் பிறகு எதையும் கேட்டிருக்க மாட்டார்.

என்ன செய்வதென்று தெரியாதபோது அம்மா என்ன செய்வார்? தேத்தண்ணி வைப்பார். இடுக்கில் உடம்பை நுழைத்து அடுப்புக்குப் போனார். கை பழக்கத்தில் பலகைத் துண்டை வலப்பக்கக் கால்களுக்கு அடியில் செருகினார். கேத்தலை ஏற்றினார். கேத்தல் இடப்பக்கமாக வழுக்கி, மூடி தெறித்து, தண்ணீர் அவர் காலடியில் கொட்டியது.

"இதுவுமா?" என்றார் அம்மா.

நான் அந்தப் பலகைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கோயாவில் அது இருந்தால்தான் அடுப்பு நேராக நிற்கும். இங்கே அது இருப்பதால் அடுப்பு சாய்கிறது. அப்படியென்றால் டிக்கோயாவில் சாய்ந்திருந்தது அடுப்பு இல்லை.

"அய்யா, பஸ்தான் சாஞ்சு நின்னிச்சு" என்றேன். "கராஜுக்குப் பின்னால நிலம் ஓயாப் பக்கம் சரிவு. நீங்க சரிவுல நின்ன பஸ்ஸுக்கு மட்டம் பார்த்துத் தரை போட்டுட்டீங்க. பஸ் நேரா நின்னா காம்பரா மேட்டுல ஏறணும்."

நிமல் அய்யா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். "அனே அக்கே! நாங்க டியூப்பப் பார்த்தது. பஸ்ஸப் பார்க்கல்ல!"

மூன்று பேரும் பார்க்கவில்லை, அப்பா. எப்படிப் பார்ப்போம்? பிறந்ததிலிருந்து சரிவில் நிற்கிறவர்களுக்குச் சரிவு சரிவாகத் தெரிவதில்லை. வீடு என்றதும் தண்ணீர் டியூப்பை எடுத்தோம். அந்த வீட்டுக்குச் சக்கரம் இருப்பதை மறந்துபோனோம்.

"திரும்ப டிக்கோயாவுக்குக் கொண்டு போயி, தண்டவாளத்த அறுத்து, புதுசா ஒட்டணும்" என்றார் நிமல் அய்யா. அறுக்கணும் என்றதும் அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அப்போது நான் பேசினேன். பிள்ளைகள் எல்லோரும் நிற்க, வீதியில் போனவர்களும் நின்று பார்க்க, வகுப்பில்கூட எனக்கு வராத குரலில்.

"அக்கா, ஒங்க முத்தத்தக் கொஞ்சம் தோண்டிக்கவா? பஸ்ஸோட வலப்பக்க ரெண்டு ரோதைக்குக் கீழ மட்டும், சக்கரம் எறங்கி நிக்கிற அளவுக்கு."

வீட்டுக்கார அக்கா இடுப்பில் கை வைத்தார். "எல்லாரும் மேட்டத்தான் வெட்டிச் சமமாக்குவாங்க. நீங்க சமத்தப் போயி சரிவாக்கப் போறீங்களா?"

"ஆமாக்கா."

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க? மம்பட்டி கொட்டில்ல இருக்கு."

முதல் வெட்டு அம்மா வெட்டினார். பிறகு நாங்கள் மாறி மாறி. எவ்வளவு ஆழம் என்று நிமல் அய்யா கேட்டபோது அம்மாவிடம் பதில் இருந்தது: "அவரு வச்ச அடுப்புக் கட்டை சொல்லும்." பஸ்ஸை முன்னால் எடுத்து, குழி வெட்டி, பின்னால் விட்டு, உங்கள் பலகைத் துண்டைச் செருகிய அடுப்பின் மேல் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்துப் பார்த்தோம். தேத்தண்ணி இன்னும் இடப்பக்கம் ஏறி நின்றது. மறுபடி முன்னால், மறுபடி குழி. பொழுது சாயும் நேரத்தில் கோப்பையின் விளிம்பும் தேத்தண்ணியும் ஒன்றாகின.

நிமல் அய்யா நகர்ந்து நின்று, கைப்பிடியை அம்மாவிடம் காட்டினார். அம்மா சுற்றினார். அறை முனகிக்கொண்டே, மூடுபனிக்குள், வீட்டுக்கார அக்காவின் லீக்ஸ் பாத்தியைப் பார்த்தபடி வெளியே வந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் அழுதேன், அதை யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

டிக்கோயாச் சரிவை நீங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்காவது தெரிந்திருந்ததா, அப்பா?

இப்போது பஸ்ஸுக்குள் நடந்தால் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்க வேண்டும். அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. என் அறையில் மட்டும் முட்டை உருளாது. முதல் நாள் அம்மா, "கதவச் சாத்திக்க, புள்ள" என்றார். சாத்தினேன். அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கவில்லை. திகைத்துப்போய் உடனே திறந்துவிட்டேன். இப்போது பாதி திறந்து வைக்கப் பழகியிருக்கிறோம். முழுசாகச் சாத்த எத்தனை காலம் ஆகுமோ?

ஒரு வாக்குத் தருகிறேன். நிமல் அய்யாவிடம் ஓட்டப் பழகப் போகிறேன். கேட்டுவிட்டேன், அவரும் சரி என்றார். அடுத்த தடவை இந்த வீடு எங்கே போனாலும் ஸ்டியரிங்கில் நான்தான் இருப்பேன். நிறுத்தியதும் இறங்கி யாருடைய முகத்தையும் பார்த்து, "கொஞ்சம் தோண்டிக்கவா?" என்று கேட்பேன். அதுவரை உங்கள் கட்டை அடுப்புக்கு அடியில் இருக்கும். ஓட்டம் புறப்படும்போது என் பையில் இருக்கும்.

தள்ளுக் காம்பராவில் குடியிருக்கும்
உங்கள் மூத்த மகள்,
யோகா