புள்ளி விழாத பிரிண்டர்

அன்புள்ள அத்தாவுக்கு, உங்கள் மகள் ஃபிர்தௌஸின் சலாம். முட்டிவலி குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? போனில் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அல்ஹம்துலில்லாஹ், நான் நலம். வேலையும் பிடித்திருக்கிறது. நேற்று கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிரிண்டர் பழுது பார்க்கப் போனேன். மாற்றுச் சான்றிதழில் எழுத்தெல்லாம் விழுந்தது, எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி மட்டும் விழவில்லை. சாய்சரண் என்ற பையன் ‘சாயசரண’ ஆகியிருந்தான்.

“பேரு தப்பா கீதுன்னு புது ஸ்கூல்ல திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. சேர்றதுக்கு இன்னிக்குதான் கடைசி நாளு,” என்று அவனுடைய அம்மா கண்கலங்கினார்.

அது ஊசிகள் குத்தி எழுத்து பதிக்கும் பழைய பிரிண்டர். அந்த ஊசிகள் இருக்கும் ஹெட்டில் மேல் ஊசி, காய்ந்த மையில் சிக்கியிருந்தது. அவசரத்தில் ஹெட்டைச் சூடு ஆறுமுன் தொட்டுவிட்டேன். விரல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துடைத்ததும் ஊசி அசைந்தது. அடுத்த தாளில் அவன் பெயரின் இரண்டு புள்ளியும் பளிச்சென்று விழுந்தன. தாளை வாங்கிக்கொண்டு வாசல்வரை ஓடிய அந்த அம்மா, திரும்பி வந்து என் கையைப் பிடித்து, “நல்லா இரும்மா,” என்றார். நேற்று முழுவதும் மனது நிறைந்திருந்தது.

வேலைக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஹெட் துடைக்க இங்கே மெல்லிய துணி கிடைப்பதில்லை. உங்கள் பழைய கைலி ஒன்று அனுப்புங்கள் அத்தா. துவைக்க வேண்டாம், நீங்கள் கட்டி அவிழ்த்ததை அப்படியே அனுப்புங்கள்.

ஃபிர்தௌஸ்